கொட்டாஞ்சேனை அக்காவின் அயல்

பொன்னிறத் தாளில் சுற்றிய கேக் துண்டொன்றை என் மேசைமேல், உறையில் இடக் காத்திருந்த கலியாண அட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எதிரே இருந்த கதிரையில் அவர் உட்கார்ந்தார். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிறது என் அழைப்பிதழ்க் கடை. ரயில் கடந்து போகும்போது அலுமாரியில் நிறுத்திவைத்த மாதிரி அட்டைகள் மெல்ல நடுங்கும். அவர் உட்கார்ந்தபோது அன்றைய பின்னேர ரயில் போய், அட்டைகள் நடுங்கி அடங்கின. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். அதுவரை நாங்கள் இருவரும் தொலைபேசியில்கூடக் கதைத்ததில்லை.

"கனடாவுல இருந்து ஒரு லேடி கோல் எடுத்தாங்க. நீங்கதான் என்ட நம்பர் குடுத்ததா சொன்னாங்க. நல்ல கேக்குன்னும் சொல்லியிருக்கீங்க" என்றார்.

"ஓம் அக்கா. எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுகினம்."

"எல்லாரும் சொல்றாங்க. நீங்க சாப்பிட்டிருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"அப்ப சாப்பிடுங்க. பிறகு கதைப்போம்."

குறை சொல்ல வந்தவரின் முகமல்ல அது. கஜுவும் ரவையும் தேனும் பன்னீரும் கலந்த அந்தத் துண்டை நான் தின்று முடிக்கும்வரை, தன் கைவேலையின் தீர்ப்பைக் கேட்க வந்தவரைப் போலக் கைகளை மடியில் கோத்துக்கொண்டு காத்திருந்தார். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். "இப்ப சொல்லுங்க, யாரு கேட்டாலும்" என்றார். பிறகு என் அட்டைகளைக் கையில் எடுத்து, தாளின் தடிப்பை விரலால் தடவிப் பார்த்து, தன் கணவரின் ஓய்வுபெறும் விருந்துக்கு அழைப்பிதழ் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அந்த அழைப்பிதழ்கள் கைக்கு வந்து, விருந்தும் முடிந்த பிறகுதான் என் கடையைப் பற்றி அவர் வேறு யாரிடமும் வாய் திறந்தார் என்று பின்னால் அறிந்தேன்.

நாங்கள் எல்லோரும் அவரைக் கொட்டாஞ்சேனை அக்கா என்றே சொன்னோம். இளமையில், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டெழுத்து வேலை பார்த்தவர். சொன்னது சொன்னபடி இருக்கவேண்டும், கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்துச் சொல்லவேண்டும் என்ற பிடிவாதம் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். பிள்ளை வளர்ந்து படிக்க அவுஸ்திரேலியாவுக்குப் போன பிறகு, வீட்டின் பின்கட்டில் பெரிய அவன் அடுப்பொன்றை வைத்துக் கலியாணக் கேக் செய்யத் தொடங்கினார். கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், மெலிந்த, சிரித்த முகக்காரர். கேக் பெட்டிகளை முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு, பச்சைக் குழந்தையைக் கொண்டுபோவதுபோல ஒரு கையால் அணைத்தபடி மண்டபங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை.

அந்த நாட்களில் எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்கள் ஒவ்வொருவரும் எப்படியோ ஓர் இணையத்தளத்தை வைத்திருந்தோம். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் ஆட்கள் பிள்ளைகளின் கலியாணத்தைக் கொழும்பில் வைப்பதென்றால், முதலில் இணையத்தில்தான் தேடுவார்கள். ஆனால் எங்கள் தளங்கள் கடலில் போட்ட கடுகு. பெரிய ஹோட்டல்களின், பெரிய கலியாண நிறுவனங்களின் பெயர்களுக்குப் பின்னால் நாங்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. அக்காவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. அட்டை அடிக்க என் தளத்துக்கு வருகிறவருக்குக் கேக்கும் தேவைப்படும், மாப்பிள்ளைக்குக் கோட்டும் தேவைப்படும், படமும் பூவும் தேவைப்படும். ஒருவர் தளத்தில் மற்றவர்களின் தளங்களுக்கு வழி வைத்தால், ஒரு வாசலால் வருகிறவர் எல்லா வாசல்களையும் காண்பார். இதை அவர் விளக்கியபோது எனக்குப் பெரிய விடயமாகத் தெரியவில்லை. அவர் வைத்த நிபந்தனைதான் அதைப் பெரிதாக்கியது.

"பேர மட்டும் போட வேணாம். கீழ ஒரு வரி எழுதணும். நம்ம வாங்கினத, நம்ம பாவிச்சதப் பத்தி. பாவிக்காட்டி எழுத வேணாம்" என்றார்.

அப்படித்தான் அந்தப் பகுதி உருவாயிற்று. எங்கள் தளங்கள் எல்லாவற்றின் அடியிலும் 'எங்கள் அயல்' என்ற தலைப்பு வந்தது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அயல் இல்லை, நடுவே பாதி நகரம் கிடக்கிறது. இருந்தாலும் பெயர் அவர் வைத்தது, எங்களுக்கும் பிடித்தது. அதற்குள் காலி வீதியில் ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணை வந்தார், மணவறைப் பூ வேலை செய்யும் ஒருவர் வந்தார். என் ஒழுங்கையிலேயே கோட்டும் ஷெர்வானியும் தைக்கும் முஸ்லிம் தையற்காரரை, நாங்கள் நானா என்று கூப்பிடுபவரை, நான் கூட்டிப்போய்ச் சேர்த்தேன். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் நான் அவரைக் கண்டதேயில்லை. கணினி அவருக்கு ஒத்துவரவில்லை. அவருடைய பக்கத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். அவர் கத்தரிக்கோலோடு நின்றபடி சொல்லச் சொல்ல, நான் எழுதுவேன்.

நானாவைத் தன் தளத்தில் போடுவதற்கு முன் அக்கா தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்து கோட்டுக்கு அளவு கொடுக்கச் செய்தார். மனிதர் கூச்சத்தில் நெளிந்தார். "எனக்கு எதுக்குங்க கோட்டு, நான் என்ன மாப்பிள்ளையா" என்று கேட்டார். நானா தோளில் நாடாவை வைத்து, "அசையாம நில்லுங்க சேர், மாப்பிள்ளைய விட உங்களுக்கு நல்லா இரிக்கும்" என்றார். கருநீலக் கோட்டு. முதல் தடவை போட்டுப் பார்க்கும்போதே அது அப்படியே உட்கார்ந்தது. அன்று மாலையே அக்காவின் தளத்தில் நானாவின் பெயருக்குக் கீழே இந்த வரி வந்தது: 'என் கணவருக்குக் கோட்டுத் தைத்தவர். தோள் முதல் தடவையிலேயே பொருந்தியது.'

அடுத்து வந்த காலம் எங்களுக்கு நல்ல காலம். அக்காவின் கேக்கைத் தேடி வந்த லண்டன் குடும்பம் என்னிடம் அட்டை அடித்தது. என் அட்டையைப் பார்த்து வந்த மாப்பிள்ளை நானாவிடம் தைத்தார். யாரும் யாருக்கும் தரகு கேட்கவில்லை. ஒருவர் வேலை பிசகினால் மற்றவரின் சொல்லும் பொய்த்துப்போகும் என்ற பயம் எல்லோரிடமும் இருந்தது. அந்தப் பயம் எங்கள் வேலையைத் திருத்தியது என்றுகூடச் சொல்லலாம். பிற்பாடு நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு: ஒருவரை நம்பச் சொல்லி இன்னொருவரிடம் அனுப்புவது எவ்வளவு பெரிய பொறுப்பு, அதை நாங்கள் எவ்வளவு இலேசாகச் செய்து பழகியிருந்தோம் என்று.

பிறகு, இரண்டாயிரத்துப் பத்தொன்பதில், அந்த உயிர்த்த ஞாயிறு வந்தது. காலையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் முஸ்லிம் தீவிரவாதிகள் சிலர் கொண்டுவந்த குண்டுகள் வெடித்தன. அக்காவின் கணவர் பூசைக்குப் போயிருந்தார். அடுத்த நாள் கலியாணத்துக்குப் போகவேண்டிய கேக்குக்கு ஐசிங் வேலை மிச்சமிருந்ததால் அக்கா வீட்டில் நின்றார். பிந்திய பூசைக்கு வருகிறேன் என்று அவரை முன்னே அனுப்பியிருந்தார். சத்தம் அவருடைய சமையலறைக்குக் கேட்டது.

ஊரடங்கும் சோதனைகளுமாகக் கிடந்த அந்த வாரத்தில் ஸ்டூடியோ அண்ணையும் நானும் செத்த வீட்டுக்குப் போனோம். கொட்டாஞ்சேனை முழுவதும் வெள்ளைக் கொடிகள். ஒரே ஒழுங்கையில் பல வீடுகளின் முன்னால் பந்தல். அக்கா அழவில்லை. வருகிறவர்களின் கைகளைப் பிடித்து, "வந்தீங்களா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் புறப்படும் முன் காலையில் நானா என் கடைக்கு வந்திருந்தார். "நானும் வரட்டா தங்கச்சி?" என்று கேட்டார். "எனக்குத் தெரியேல்லை நானா" என்று சொன்னேன். உண்மையிலேயே தெரியவில்லை. அவர், "நான் வந்தா அந்த வீட்ல ஆட்களுக்குக் கஷ்டம். வராட்டி எனக்குக் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தன் கடைக்குத் திரும்பி நடந்தார். அன்று இரண்டு தடவை அக்காவுக்குக் கோல் எடுத்திருக்கிறார். அக்கா எடுக்கவில்லை.

அதற்குப் பின் வந்த மாதங்களைக் கொழும்பில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். முஸ்லிம் கடைகளுக்குப் போகாதே என்று கைத்தொலைபேசிகளில் செய்திகள் ஓடின. நானாவின் கடையில் தைப்பதற்குக் கொடுத்த துணிகளைச் சிலர் தைக்காமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். துணியைக் கேட்டு வந்தவர்களுக்கு அவர் அதை மடித்து, பையில் போட்டு, வாசல்வரை வந்து கொடுத்தார். அந்த நேரத்தில்தான் ஒரு நாள் அக்காவின் தளத்தைத் திறந்தபோது, 'எங்கள் அயல்' பகுதியில் நானாவின் பெயர் இல்லாததைக் கண்டேன். மற்றவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நானாவும் அந்த வரியும் மட்டும் இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தளம் ஊருக்குத் திறந்த கதவு, எல்லோரும் கண்டார்கள். முதலில் பூக்காரர் நானாவின் பெயரைத் தன் தளத்திலிருந்து எடுத்தார். பிறகு ஸ்டூடியோ அண்ணை எடுத்தார். எடுத்துவிட்டு என் கடைக்கு வந்து சொன்னார்.

"அக்காவே எடுத்திட்டா தங்கச்சி. அவவின்ர வீட்டில செத்த வீடு. நாங்கள் வைச்சிருந்தால் அது அவவுக்குச் செய்யிற மரியாதையோ?"

"நானா என்ன செய்தவர் அண்ணை?"

"அவர் ஒண்டும் செய்யேல்லை. அது எனக்குத் தெரியாதே? ஆனா என்ர கடைக்கு முன்னால முழுக்கக் கண்ணாடி. எரியிற மணம் எனக்குத் தெரியும்."

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில், தமிழர் கடைகளுக்குத் தீ வைத்தபோது, அவருடைய தகப்பனாரின் கடை இதே காலி வீதியில் எரிந்தது. அண்ணை அப்போது அரைக் காற்சட்டை போட்ட பிள்ளை. பக்கத்து வீட்டு மாடியில் ஒளித்திருந்து பார்த்ததாக ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அவரைக் கோழை என்று சொல்ல என்னால் அன்றும் முடியவில்லை, இன்றும் முடியாது. எரித்தவர்களைக் கண்டவருக்குத்தான் எரிக்கப்படுகிறவரின் பக்கத்தில் நிற்கும் துணிவு வரவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பல பேருக்கு அதிலிருந்து வருவது பயம்தான்.

எனக்கும் சோதனை வந்தது. வெளிநாட்டிலிருந்து பெரிய கலியாணமொன்றுக்கு அட்டை கேட்டவர்கள், 'உங்கட பக்கத்தில அந்தத் தையல் கடையின்ர பேர் கிடக்குது, அதை எடுத்தால் மற்றதைக் கதைப்பம்' என்று எழுதினார்கள். நான் பதில் எழுதவில்லை. நானாவிடம் போனேன். அவருடைய பக்கத்திலும் அக்காவின் பெயர் இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று கேட்டேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"என்னத்த செய்ற? கேக் நல்லம்தானே. இரிக்கட்டும்" என்றார்.

அந்தப் பதிலோடு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அடுத்த நாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டில் அவன் அடுப்பின் மணம் இல்லை. அந்த வீட்டுக்குள் கால் வைக்கும்போதே முகத்தில் வந்து படும் வெதுவெதுப்பும் பன்னீர் வாசமும் இல்லாமல், அது வேறு யாருடையதோ வீடு மாதிரி இருந்தது. கணவரின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிந்தது. அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் கடைகளைப் பற்றியும் பஸ்ஸில் நடந்த சோதனையைப் பற்றியும் கதைத்தேன். கடைசியில், ஸ்டூடியோ அண்ணையும் பூக்காரரும் நானாவை எடுத்துவிட்டார்கள், அட்டை கேட்டவர்கள் என்னையும் எடுக்கச் சொல்கிறார்கள் என்று சொன்னேன்.

"ஏன்?" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவருக்கு விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"நீங்கள் எடுத்திட்டீங்கள் எண்டு அக்கா. உங்களுக்கு மரியாதையா இருக்கட்டும் எண்டு."

அவர் சரிந்திருந்த மெழுகுதிரியை நிமிர்த்தி வைத்தார். பிறகு, "அதுல நானாவப் பத்தி நான் என்ன எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். நான் சொல்ல வாய் திறப்பதற்குள் கையால் வேண்டாம் என்று காட்டினார். "அவர்ட பெட்டிய மூடித்தான் தந்தாங்க. திறக்க வேணாம்னு சொன்னாங்க. நான் அந்தக் கோட்ட எடுத்து மேல விரிச்சு வெச்சேன். தோள் எங்க வரும், கை எங்க வரும்ன்னு பாத்துப் பாத்து வெச்சேன். வீட்டுக்கு வந்து ஒரு ஓடர் வந்திருக்கான்னு பாக்கப் போனா, அந்த வரி அங்க கெடக்கு. திறக்கிற நேரமெல்லாம் அவர் அளவு குடுத்துக்கிட்டு நிக்கிறார். அதுக்குத்தான் எடுத்தேன்."

அவர் மேலே பேசினார். எந்தக் கட்டத்திலும் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ள அவர் முயலவில்லை என்பதே எனக்கு இன்றுவரை பெரிதாகத் தெரிகிறது.

"கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருந்திச்சு. இன்னும் இருக்கு. நானா கோல் எடுத்தார், பேரப் பாத்ததும் போனக் கவிழ்த்து வெச்சேன். அவர்ட்ட என்ன பிழைன்னு என்னையே கேட்டேன், பிழை இல்ல. ஆனாலும் எடுக்க ஏலாம போச்சு. அது எனக்கும் அவருக்கும் இடையில. நீங்க எல்லாரும் என்ட பேரச் சொல்லி, செத்த என்ட மனுசன்ட பேரச் சொல்லி, அந்த ஆள வெளிய தள்ளினீங்கன்னா, அத நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

அங்கேயே, என் முன்னாலேயே, ஸ்டூடியோ அண்ணைக்குக் கோல் எடுத்தார். மறுபக்கத்தில் அண்ணை, உங்களுக்காகத்தான் செய்தேன் அக்கா என்று சொல்வது எனக்கும் கேட்டது. அக்கா குரலை உயர்த்தவில்லை. புதுக்கடையில் வாக்குமூலத்தை ஒவ்வொரு சொல்லாகத் தட்டெழுதுகிறவரைப் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "தம்பி, எனக்காக யாரையும் எடுக்க வேணாம். உங்களுக்குப் பயம்ன்னா, பயத்துல எடுத்தேன்னு சொல்லி எடுங்க. அதுல வெக்கம் இல்ல. அது உங்கட கடை. என்ட பேர மட்டும் அதுக்குள்ள கொண்டு வராதீங்க."

பூக்காரர் அந்த வாரமே நானாவின் பெயரைத் திரும்பப் போட்டார். ஸ்டூடியோ அண்ணை போடவில்லை. சில நாட்களுக்குப் பிறகு, 'எங்கள் அயல்' என்ற பகுதியையே தன் தளத்திலிருந்து முழுதாக எடுத்துவிட்டார். எங்கள் எல்லோரையும் எடுத்துவிட்டால் ஒருவரை எடுத்ததாக இராதல்லவா. அதில் ஒரு நேர்மை இருந்ததாகவே அக்கா சொன்னார். வீதியில் கண்டால் இன்றும் நின்று சுகம் விசாரிப்பார், கலியாணங்களில் சந்தித்தால் என்னைப் படமெடுப்பார். ஆனால் எங்களோடு அவர் திரும்பச் சேரவில்லை. அந்த வெளிநாட்டுக் கலியாணத்தின் அட்டைகளை வேறு யாரோ அடித்தார்கள்.

அக்காவின் அவன் அடுப்பு மறுபடி சூடாக மாதங்கள் சென்றன. அது சூடாகிய பிறகு ஒரு முற்பகல், முன்னறிவித்தல் இல்லாமல் என் கடைக்கு வந்து, "வாங்க, நானாவ பாத்துட்டு வருவோம்" என்றார். கையில் ஒரு துணிப்பொதி. ஒழுங்கையில் சேர்ந்து நடந்தோம். நானா எங்களைக் கண்டதும் இயந்திரத்தின் முன்னாலிருந்து எழுந்தார். எழுந்தவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கதிரையைத் துடைத்தார், துடைத்த கதிரையையே திரும்பத் துடைத்தார்.

"அக்கா, அன்னைக்கு நான் வர நினைச்சேன்..."

"தெரியும். வந்திருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியா நானா. வராம இருந்தது நல்லம்."

இதைவிட இதமான ஒரு பதிலை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நானா நம்பியிருக்கமாட்டார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நானாவின் தோள்கள் கொஞ்சம் இறங்கியதை நான் கண்டேன். அக்கா பொதியை அவிழ்த்தார். தடித்த வெள்ளைப் பருத்தித் துணி. சமையலறையில் வேலை செய்யும்போது போட ஏப்ரன் தைக்கவேண்டும் என்றார். கோட்டுத் தைக்கும் கைக்கு அது வேலையே அல்ல, தெருமுனையில் யாரும் தைத்துக் கொடுப்பார்கள்.

"ஏப்ரனா அக்கா?"

"ஓம். உங்களப் பத்திப் புதுசா எழுதணும்ன்னா, புதுசா ஒண்ணு தைக்கணும்தானே. பழசப் பத்தி என்னால எழுத ஏலாது."

நானா அவரை நிற்கச் சொல்லி, மணமகனுக்கு எடுப்பதுபோலவே அளவெடுத்தார். ஏப்ரனுக்கு யாராவது தோளில் அளவெடுப்பார்களா? எடுத்தார். அக்கா அசையாமல், கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் வாசலில் நின்று ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரன்களை வாங்கிக்கொண்டுபோன பிறகும் அவர் உடனே எழுதவில்லை. நான் நாள்தோறும் தளத்தைத் திறந்து பார்த்தேன். கேட்கவும் தயங்கினேன். கடைசியில் ஒரு காலையில் நானாவின் பெயர் அங்கே திரும்ப வந்திருந்தது. கீழே: 'எங்கள் சமையலறைக்கு ஏப்ரன் தைத்தவர். பல தடவை துவைத்த பின் எழுதுகிறேன். தையல் விடவில்லை.' அதை நானாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு கடையின் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

பெருந்தொற்றில் கலியாணங்கள் நின்றபோது நானா முகக்கவசம் தைத்தார், அக்கா பாண் சுட்டார். தெரிந்தவர்களை ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அனுப்பியே அந்த ஊரடங்கு மாதங்களைக் கடந்தோம். பிறகு எரிவாயு இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் அக்காவின் அவன் அடுப்பு பல நாட்கள் குளிர்ந்து கிடந்தது. அதற்கு முன்பே அவருடைய உடம்பில் நோய் தொடங்கியிருந்தது. சொல்லவில்லை. சொன்ன பிறகு அதிக காலம் இருக்கவில்லை. மாலைகளில் போய்ப் பார்த்தபோது நோயைப் பற்றிக் கதைக்க விடமாட்டார். யாருக்கு என்ன ஓடர் வந்திருக்கிறது என்று கேட்பார்.

அவருடைய செத்த வீட்டுக்கு நானாவும் நானும் ஒரே முச்சக்கர வண்டியில் போனோம். அவர் அங்கே போனதும் மற்றவர்களைப் போலவே உள்ளே வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். யாரும் அவரை விலத்திப் பார்க்கவில்லை. மெல்பேர்னிலிருந்து வந்திருந்த மகள் சடங்குகள் முடிந்த பிறகு எங்களை உட்காரவைத்து, அம்மாவின் தளத்தை என்ன செய்வது, அப்படியே நினைவாக விட்டுவைக்கட்டுமா என்று கேட்டாள். நானாதான் பதில் சொன்னார்.

"மூடிடுங்க மகள். ஓடர் குடுக்க ஆட்கள் வருவாங்க. இல்லாத இடத்துக்கு ஆட்கள அனுப்பினா உங்கட உம்மாவுக்குப் பிடிக்காது."

மகள் மூடினாள். இப்போது கலியாணம் வைக்கிறவர்கள் இணையத்தளம் தேடி வருவது குறைவு. படங்களைத் தட்டித் தட்டி ஒரு நொடியில் முடிவெடுக்கிறார்கள். முன்பின் தெரியாத ஆயிரம் பேர் இட்ட நட்சத்திரங்களைப் பார்த்து நம்புகிறார்கள். அதில் பிழையொன்றும் இல்லை, காலம் அப்படி. ஆனால் அந்த நட்சத்திரங்களில் எதை இட்டவராவது, தான் எழுதப்போகும் ஒரு வரிக்காகக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வந்து அளவு கொடுத்து நின்றிருப்பாரா என்று எனக்குத் தோன்றாமல் இருப்பதில்லை.

அக்காவின் தளம் மூடிய பிறகு, என் பக்கத்திலிருந்து அவருடைய பெயரை நான் எடுத்தேன். பூக்காரரும் எடுத்தார். நானாவின் பக்கத்தில் மட்டும் அந்தப் பெயர் மிச்சமிருந்தது. அதை நான் அவரைக் கேட்காமல் தொடவில்லை, அவராகவும் சொல்லவில்லை. வாரங்கள் போயின. ஒரு நாள் மத்தியானம் கோல் எடுத்தார்.

"தங்கச்சி, வந்து அத எடுத்துத் தாங்க. எடுங்கன்னு சொல்ல வாய் வராம இரிந்திச்சு."

கணினியைக் கொண்டுபோய் அவருடைய வெட்டு மேசையில் வைத்துத் திறந்தேன். அவர் எதிரே உட்கார்ந்தார். தன் பெயரை அக்கா எடுத்திருந்த அந்தக் கெட்ட மாதங்களிலும், ஊரில் பாதிப்பேர் அவரை ஒதுக்கிவைத்த நாட்களிலும், அவருடைய பக்கத்திலிருந்து ஒரு நாளும் இல்லாமல் போகாத பெயர் அது. அதன் கீழிருந்த வரியை ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தலையசைத்தார். எடுத்தேன்.

"எடுத்தாச்சா?"

"ஓம் நானா."

வாசலில் நிழல் விழுந்தது. கலியாணக் கோட்டுக்கு அளவு கொடுக்க ஓர் இளைஞர் வந்து நின்றார். நானா எழுந்து, கழுத்திலிருந்து நாடாவை எடுத்து, தோளிலும் கையிலும் வைத்து அளந்தார். நான் கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அளவு முடிந்து புறப்படும்போது அந்த இளைஞர், "இன்னும் நிறைய வேலை கிடக்கு அங்கிள். கேக்குக்கு நல்ல ஆள் யாரையும் தெரியுமா?" என்று கேட்டார்.

நானா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, "இரிந்தாங்க தம்பி" என்றார்.